கடைசி ஒரு சாண்

சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றுவது முக்கால் பங்குவரை யார் வேண்டுமானாலும் செய்துவிடுகிற வேலை. கடைசி ஒரு சாண் இருக்கிறதே, அங்கேதான் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். சிலர் பல்லைக் கடிப்பார்கள். சிலர் டயர் செய்தவனின் பரம்பரையையே தெருவுக்கு இழுப்பார்கள். பெரும்பாலோர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள். காரைக்காலில் எனக்குத் தெரிந்த ஒருவர் மட்டும் அந்த ஒரு சாணில் பேச்சை நிறுத்திவிடுவார்.

மற்ற நேரத்தில் அவர் வாய் மூடாது. பள்ளிவாசல் தெருமுனையில் ஓலைக் கொட்டகை போட்ட சைக்கிள் கடை. அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்று அழைப்பார்கள். அவர் ஊருக்கே நானா. பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் விசாரித்ததில்லை.

அவருடைய அண்ணன் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். அதனால் நானாவின் கதைகள் எல்லாம் சைகோனில்தான் நடக்கும். அங்கே ஆற்றில் படகிலேயே சந்தை கூடுமாம், வெள்ளைக்காரத் துரைசானிகள் ரிக்‌ஷாவில் போவார்களாம். நேரில் பார்த்த மாதிரியே சொல்வார். உண்மையில் நாகூருக்குத் தெற்கே அவர் போனதில்லை. கப்பலை வேடிக்கை பார்த்திருக்கிறார், ஏறியதில்லை.

பேசிக்கொண்டே டயரை ஏற்றிக்கொண்டு வருவார். கடைசிச் சாண் வந்ததும் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். “அண்ணன் அங்க எறங்குனதும் மொத மொதல்ல பாத்தது” என்பார், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் மூச்சுவிடாமல் நிற்பார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் டயரை உருட்டி அழுத்துவார். டொப்பென்று ஒரு சத்தம் வரும், டயர் உட்கார்ந்துவிடும். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே எடுப்பார். “ஒரு பல்லி. என் கை நீளத்துக்கு.”

இரும்பை டயர் பக்கமே அவர் கொண்டுபோக மாட்டார். மற்ற கடைகளில் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், அல்லது தட்டையாக அடித்த ஸ்பூன் காம்பு. நெம்பினால் நொடியில் ஏறிவிடும். ஆனால் உள்ளே டியூப் இரும்புக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் போச்சு, பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை விழும். “ரப்பருக்கு இரும்பு ஆவாதுங்க” என்பார் நானா. திருகு முடுக்க அவரிடமும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அது கடையின் பின்பக்கம் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கும்.

அவருடைய முறை மெதுவானது. காற்று அடிக்கும் வால்டியூப் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே ஆரம்பிப்பார், இரண்டு பக்கமாகவும் சமமாக ஏற்றிக்கொண்டு வந்து வால்டியூப் பக்கத்தில் முடிப்பார். சவுக்காரத் தண்ணீரைத் துணியில் தொட்டு டயரின் ஓரத்தில் தடவுவார். இறுக்கமாக இருந்தால் இழுக்க மாட்டார். எதிர்ப்பக்கம் போய், டயரின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் இறக்குவார். “டயரு பத்தாம இல்ல. மிச்சத்தை அந்தாண்ட எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கு. நாமதான் போயித் தேடிக் கொண்டாரணும்.” இப்படித் தேடித் தேடி ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று சேர்த்துக்கொண்டு வருவார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பொறுக்காது. எனக்குப் பொறுமை எப்போதுமே குறைவு. பிரசவம் பார்ப்பவளுக்கு இருக்கக்கூடாத குறை அது, இருந்தது.

இந்த வேலையில் அவருடைய கட்டைவிரல்கள் இரண்டும் நுனியில் தட்டையாகப் பரந்துபோயிருந்தன. சட்டைப் பொத்தான் போட வராது. காலையில் வீட்டில் மனைவிதான் போட்டு அனுப்ப வேண்டும். மார்பு திறந்த சட்டையோடு அவர் கடைக்கு வந்தால், வீட்டில் ஏதோ சண்டை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். எதிர் டீக்கடையிலிருந்து “என்ன நானா, இன்னிக்குக் காத்து வாங்குறீங்க?” என்று கத்துவார்கள். “ஆமா, புளுக்கமா இருக்கு” என்பார், மார்கழி மாதத்தில்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அந்தத் தெருவில் இருந்தார். இஸ்திரி கலையாத கால்சட்டை, வாயைத் திறந்தால் மெர்சி, பர்தோன் என்று பிரெஞ்சுதான். ஒருநாள் தோல் உறையிலிருந்து மூன்று நெம்பு கம்பிகளை எடுத்து நானாவிடம் நீட்டினார். நிக்கல் பூசிப் பளபளவென்று இருந்தன, பிரான்சிலிருந்து வந்தவையாம். “இதால போடும், நேரம் மிச்சமாகும்” என்றார். நானா ஒன்றை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த டீக் கிளாஸில் விட்டுக் கலக்கினார். “சீனி நல்லாக் கலக்குது முசியே” என்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர் ஒரு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார், வேறு கடையில் மாட்டிய டயர் பஞ்சராகியிருந்தது.

நான் வருவதற்கு முன்னால் நடந்த கதை ஒன்றும் சொல்வார்கள். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது எல்லைக்கு இந்தப் பக்கம் டயர் மலிவு. இந்தியப் பக்கத்து ஆட்கள் வழுக்கை டயரோடு உள்ளே வந்து, புது டயர் மாட்டிக்கொண்டு, சுங்கச் சாவடியில் பிடிபடாமல் இருக்க அதன்மேல் சேறும் சாம்பலும் பூசிக்கொண்டு திரும்புவார்களாம். மற்ற கடைக்காரர்கள் சேறு பூசும் வேலையையும் சேர்த்தே செய்து கொடுத்தார்கள். நானா மாட்டுவதோடு சரி. “சேத்தை வாய்க்கால்ல போயி நீங்களே பூசிக்கங்க. இப்பத்தான் கண்ணு முழிச்ச டயரு, நான் மூஞ்சியக் கெடுக்க மாட்டேன்” என்பாராம். கடத்தலில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, டயரைக் கேவலப்படுத்துவதில்தான் ஆட்சேபம்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருடம் நான் ஆஸ்பத்திரிக்கு மருத்துவத் தாதியாக வந்தேன். கும்பகோணத்துப் பக்கத்துப் பெண், வயது இருபத்து மூன்று. முன்பிருந்த வெள்ளைக்கார நர்ஸ் விட்டுப்போன லேடீஸ் சைக்கிள் ஒன்று ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நின்றது. சுற்றுக் கிராமங்களுக்குப் போக அதைக் கொடுத்தார்கள். ஒரு தமிழ்ப்பெண் புடவையோடு சைக்கிளில் போவதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் டீக்கடையில் கிளாஸ் பாதி வழியில் நிற்கும். திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கிழவர் என்னைப் பார்த்ததும் நிஜமாகவே திரும்பி நின்றுகொண்டார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மொட்டைக் கடிதாசி வந்தது. இனி ஒரு புகார் வந்தால் சைக்கிளை எடுத்துவிடுவோம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். சைக்கிள் இல்லாமல் கிராமத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நானா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “தங்கச்சி, புடவை சக்கரத்துல சிக்கும் போல இருக்கு. விட்டுட்டுப் போங்க.” சாயங்காலம் போனபோது பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய வலை கட்டியிருந்தது. காரைக்கால்மேட்டில் வலை பின்னும் ஆட்களிடம் கொண்டுபோய்ப் பின்னி வாங்கியிருக்கிறார். “மீனு மாட்டினா எனக்குப் பாதி” என்றார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் ஆதரவு அதுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி அந்த ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

என் சைக்கிளின் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. பிரான்ஸ் டயர் வருவது நின்றுபோயிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து நம் ஊர் டயர் வரவழைத்தார் நானா. ரிம் பிரெஞ்சு அளவு, டயர் அதைவிட ஒரு நூல் சின்னது. ஓரத்தில் கம்பி ஓடுகிற டயர் ஒரு மயிரிழைகூட நீளாது. போதாக்குறைக்கு மூன்று நாளாக அடைமழை. வெயிலில் போட்டு இளக்கவும் வழியில்லை. ரப்பர் விறைத்துக் கிடந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்குப் போனேன். மழையால் கடையில் வேறு யாரும் இல்லை. டயரின் ஒரு பக்கம் ஏறியிருந்தது, மறு பக்கத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். வழக்கம்போல சைகோன் கதை. அண்ணன் முதன்முதலாகக் கப்பல் ஏறியபோது பெற்ற உம்மா ஒரு பெட்டியைப் பூட்டிக் கொடுத்து, ஊர் போய்ச் சேரும்வரை திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். சைகோன் துறைமுகத்தில் சுங்கத்து வெள்ளைக்காரன் பெட்டியைத் திற என்கிறான். “அண்ணன் சாவியப் போட்டுத் தொறக்குறான். உள்ள பாத்தா” என்றவர் நிறுத்திக்கொண்டார். கடைசிச் சாண் வந்துவிட்டது.

அந்தச் சாண் அசையவே இல்லை. அவர் எதிர்ப்பக்கம் போவதும் கிள்ளுவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். அப்போதுதான் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள விழிதியூரிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து நின்றான். பையன் என்றால் என் வயதுதான் இருக்கும். அக்காவுக்குக் காலையிலிருந்து வலி என்றான், பனிக்குடம் உடைந்து நேரமாகிவிட்டது, பிள்ளையின் கால் வெளியே தெரிகிறது என்று கிழவிகள் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் நான் இங்கே இருப்பதாகக் கேட்டறிந்து வந்திருக்கிறான். அந்த வீடு எனக்குத் தெரியும். பெண்ணுக்கு முதல் பிரசவம், தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். போன வாரம்தான் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பயப்படாதே, நான் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

நானா நிமிர்ந்தார். “தங்கச்சி, இந்தத் தம்பி கேரியர்ல உக்காந்து போயிடுங்க. நான் டயரை மாட்டிப் பின்னாலயே கொண்டாந்து விட்டுர்றேன்.”

சரியான யோசனை. இன்றைக்கு யோசித்தாலும் அதுதான் சரி. ஆனால் பட்டப்பகலில் ஒரு வாலிபனின் கேரியரில் உட்கார்ந்து அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனால் அடுத்த மொட்டைக் கடிதாசி மறுநாளே வந்துவிடும். “வேண்டாம் நானா, மாட்டுங்க” என்றேன். அந்தப் பையன் முகத்திலும் நிம்மதி தெரிந்தது, அவனுக்கும் அதே பயம். “நீ முன்னால போய் வெந்நீர் வைக்கச் சொல்லு, இதோ வந்துடறேன்” என்று அவனை அனுப்பிவிட்டேன்.

“கா மணி நேரம் குடுங்க” என்றார் நானா. “ரப்பரு வெறச்சிக் கெடக்கு. டீக்கடையில கெட்டில் வெந்நி வாங்கியாறேன். ஊத்துனா எளகிடும்.” துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கித் தெருவைக் கடந்தார்.

கால் மணி நேரம். எனக்கு அந்தப் பிஞ்சுக் கால் மட்டும்தான் கண்முன் நின்றது. தகரப் பெட்டியைத் திறந்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டயருக்கும் ரிம்முக்கும் நடுவே குத்தி, உடம்பு எடையெல்லாம் போட்டு நெம்பினேன். முதல்தரம் வழுக்கி என் வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, கிழித்தது. இரண்டாம் தரம் ஏறிவிட்டது.

கெட்டிலோடு திரும்பி வந்த நானா கீழே கிடந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நான் அதற்குள் பம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, ஒரு நிமிசம். கழட்டிப் பாத்துருவோம்.”

“காத்து நிக்குது நானா. எனக்கு நேரமில்ல.”

“முடிச்ச எடத்துலேருந்து கொஞ்சமாக் கழட்டிப் பாத்தாப் போதும். எங்க முடிச்சமோ அங்கேருந்துதான் கழட்டணும், சுளுவா வந்துடும்...”

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பையைக் கேரியரில் மாட்டி ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது கொட்டகைக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்த கெட்டிலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

அரசலாற்றுப் பாலம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. நிரவி தாண்டி வயல் பாதைக்குத் திரும்பியதும் பின்சக்கரம் சேற்றில் இழுப்பதாக நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் ரிம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பம்பு அடித்தேன், நிற்கவில்லை. தள்ளிக்கொண்டு ஓடினேன். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல், நடுவே முழங்கால் அளவு சேறு. பாதி வழியில் சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். பையைச் சுமந்துகொண்டு ஓட முடியாது என்று நினைத்தேன். எதைச் செய்திருந்தால் சீக்கிரம் போயிருப்பேன் என்று பல வருடம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், விடை வந்ததில்லை.

போய்ச் சேர்ந்தபோது கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கப் போனவள் முக்கால் மணி நேரம் தாமதமாகியிருந்தேன். கையை மருந்துத் தண்ணீரில் கழுவியபோது காயம் எரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள், விடவே இல்லை. துணி நழுவி விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை. என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். தாயைக் காப்பாற்றிவிட்டேன்.

முக்கால் மணி நேரம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டால், தெரியாது. பெரிய டாக்டர், உன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அவர் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

வாசலில் பெண்ணின் அப்பா நின்றார். நான் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளைப் பார்த்து, “ஏம்மா நேரமாயிடிச்சி?” என்று கேட்டார். “டயர் போயிடுச்சுங்க. இன்னிக்குத்தான் கடையில புதுசா மாட்டினது” என்றேன். இரண்டும் உண்மை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். எனக்கு முன்பே அந்த அப்பாவும் உறவுக்காரர் இரண்டு பேரும் அங்கே நின்றிருந்தார்கள். எதிர் டீக்கடையே எழுந்து வந்து சுற்றி நின்றது.

“என்னய்யா டயர் மாட்டுற நீ? ஒரு உசுரு போயிடிச்சி தெரியுமா?”

நானா என்னைப் பார்த்தார். எத்தனை நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

“என் தப்புதாங்க. தங்கச்சி அவசரம்னாங்க. நான் ஸ்க்ரூ டிரைவர் போட்டு ஏத்திட்டேன். டியூப்பு கடிபட்டிருக்கும். அல்லா மன்னிக்கணும், நீங்களும் மன்னிக்கணும்.”

டீக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். “நானா, நீங்களா? இரும்பா?”

“நாந்தான்” என்றார்.

நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியம் அதுதான், ஒன்றும் செய்யாமல் நின்றது.

அவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்தது. நானா என் சக்கரத்தைக் கழற்றினார். டியூப்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒட்டுப்போட ஆரம்பித்தார்.

“ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?”

“சைக்கிள் கடைக்காரன் பேரு கெட்டா அடுத்த தெருவுல இன்னொரு கடை இருக்கு. உங்க பேரு கெட்டா சைக்கிளப் புடுங்கிருவாங்க. அப்பறம் அந்தக் காட்டுக்கெல்லாம் யாரு போவா?” தலை நிமிராமலே சொன்னார். “கைக்கு மருந்து போட்டீங்களா?”

அன்றைக்கே அந்த ஸ்க்ரூ டிரைவரைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கடை வாசலில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, ஓர் ஆணியில் மாட்டினார். சொன்ன பொய் நிற்க வேண்டுமே.

அதன்பின் இரண்டு வருடம். விழிதியூர் ஆட்களும் நிரவி ஆட்களும் வேறு கடைக்குப் போனார்கள். டயரோடு யார் வந்தாலும் எதிர் டீக்கடையிலிருந்து, “நானா இரும்ப எடுத்துட்டாரு, பாத்து!” என்று கத்துவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். என் டயரை மட்டும், தெருவில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, பழையபடி வெறும் கையால் ஏற்றுவார். சைகோன் கதைகளும் சொல்வார். பாதியில் விட்ட அந்தப் பெட்டிக் கதையை மட்டும் எடுக்கவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அதே பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை தங்காததால் இதற்கும் தாய்வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை நாள் நெருங்கியதும் தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு நண்பகலில் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. ஊரே கேட்கிற மாதிரி கத்தியது. அம்மாக்காரி கஞ்சி எடுத்துவரப் போனாள். அறையில் நாங்கள் மூவர் மட்டும்.

எங்கே முடித்தோமோ அங்கிருந்துதான் கழற்ற வேண்டும் என்று நானா சொன்னது நினைவுக்கு வந்தது. டாக்டரிடமோ ஊரிடமோ சொல்லிப் பயனில்லை, இவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பாய் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். இரும்பு போட்டது நான். அந்த மனுஷர் இல்லை.

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியும் நர்சம்மா.”

எனக்குப் புரியவில்லை.

“அன்னிக்கு ஒங்க கையத்தானே புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். உள்ளங்கையில கிழிஞ்சி இருந்துச்சி. எத்தன தடவ கழுவியும் காயத்துக்குள்ள சைக்கிள் கிரீசு கறுப்பாத் தெரிஞ்சிது. மறுநாளு அப்பா வந்து, கடைக்காரரு ஸ்க்ரூ டிரைவர் போட்டேன்னு ஒத்துக்கிட்டாருன்னு சொன்னாங்க. அவரு போட்டாருன்னா ஒங்க கையி எப்படிக் கிழியும்?”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஒங்கள வெரட்டியிருப்பாங்க.” குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “கோவம் இல்லாம இல்ல. ரொம்ப நாளு ஒங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. ஆனா ஓடியாந்தவங்கதானே நீங்க. முழங்கா வரைக்கும் சேறு.” குழந்தையின் தலையைத் துணியால் மூடினாள். “அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். பக்குவமாச் சொல்றேன். அந்தக் கடைக்காரரு மனசு நோகக் கூடாது.”

திரும்பும்போது நேராகக் கடைக்குப் போனேன். நானா ஒரு டயரோடு உட்கார்ந்திருந்தார். சட்டை திறந்திருந்தது, வீட்டில் சண்டை போல.

“நானா, சொல்லிட்டேன்.”

கை நின்றது. “யாருட்ட?”

“பெத்தவகிட்ட.”

கடைசிச் சாணில் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு வருடம் அவர் சுமந்ததை ஒரு நிமிடத்தில் நான் இறக்கிவைத்துவிட்டேன், அதற்கு எனக்கு உரிமை உண்டா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

“என்ன புள்ள?” என்று கேட்டார் கடைசியில்.

“பொண்ணு. நல்லா அழுதுச்சு.”

எழுந்தார். வாசல் ஆணியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மழைச் சாரல் பட்டுத் துருப்பிடித்திருந்தது. லுங்கியில் தேய்த்துவிட்டு என் சைக்கிளின் பக்கம் வந்து, ஹேண்டில் பாரில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்த மணியின் திருகை இறுக்க முடுக்கினார். ஒருமுறை அடித்துப் பார்த்தார். பிறகு கடையின் பின்பக்கம் போய் அதைத் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, டயரை மடியில் எடுத்துக்கொண்டார்.

“உள்ள பாத்தா, பெட்டி பூரா பனங்கெழங்கு தங்கச்சி. கூர் கூரா. ஈட்டின்னு நெனச்சிட்டான் வெள்ளக்காரன்” என்றார்.